நிரந்தர முகவரி

வருவாய்த் துறையில் 35 வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். என் மேஜைக்கு வந்த படிவங்களில் முக்கால்வாசியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று தற்போதைய முகவரி, இன்னொன்று நிரந்தர முகவரி. மனு கொடுக்க வருகிற கிராமத்து ஜனங்கள் இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்ப்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார், என்ன எழுதறது?" என்பார்கள். "மேற்படின்னு எழுதுங்க" என்பேன். அவர்களுக்கு ஒரு வீடு, ஒரு ஊர், ஒரு முகவரி.

என் கதை வேறு. நான் பிறந்தது புதுச்சேரியில். படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டப் பாடங்களில் ஒன்று, 'தொமிசீல்' வேறு, 'ரெசிதான்ஸ்' வேறு என்பது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 102-ஆம் பிரிவு, ஒருவனுடைய வாழ்வின் முக்கிய நிலைகொள்ளல் எங்கே இருக்கிறதோ அதுவே அவனுடைய தொமிசீல் என்கிறது. மற்றபடி அவன் எங்கே தங்கியிருந்தாலும் அது வெறும் ரெசிதான்ஸ்தான். வேலை கிடைத்து வட ஆற்காடு மாவட்டத்துக்கு வந்தேன். 1989 செப்டம்பர் 30-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. நானும் இங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் இன்றைக்கும் நிரந்தர முகவரி கேட்டால் கை தானாகப் புதுச்சேரித் தெருவின் பெயரைத்தான் எழுதுகிறது.

இந்தப் பழைய விஷயம் மறுபடி ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு ஹாம் ரேடியோக்காரர்.

என் நண்பர் ஒருவர், பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை வாத்தியார் என்பேன், அவர் என்னை முசே என்பார். அவருக்கும் அவர் கூட்டாளிகள் நாலைந்து பேருக்கும் ஹாம் ரேடியோ உரிமம் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ரிப்பீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கு வழக்கை எழுதிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஒருநாள் வந்து உட்கார்ந்து, "முசே, ரிப்பீட்டருக்கு ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்கணுமா, டைனமிக்கே போதுமா? மாசாமாசம் கூடக் காசு கேக்கறாங்க. எல்லாரும் பென்ஷன்காரங்க. நீங்க படிச்சுப் பார்த்து ஒரு நோட் போடுங்க" என்றார். கோப்பில் குறிப்பு எழுதச் சொன்னால் எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிடும். இரண்டு மாதம் தேடிப் படித்ததன் சாரம்தான் இது.

முதலில் ரிப்பீட்டர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கையடக்க ரேடியோவின் சக்தி 5 வாட் அளவுதான். வீடும் மரமும் மறைத்தால் சில கிலோமீட்டர் தாண்டாது. அதனால் உயரமான இடத்தில் ஒரு கருவியை வைக்கிறார்கள். அது ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். கொடைக்கானல் மாதிரி மலையில் வைத்தால் பல மாவட்டங்களுக்குக் கேட்கும். நம் மலைமேல் வைத்தால் எப்படிக் கேட்கும் என்று வாத்தியாரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது தீபத்துக்கான இடம். 2,668 அடியும் அண்ணாமலையாருடையது.

இந்த ரிப்பீட்டரை இன்டர்நெட்டோடு இணைத்தால், திருவண்ணாமலையில் கையடக்க ரேடியோவில் பேசுவதை வேறொரு ஊரின் ரிப்பீட்டர் வழியாக அங்கே உள்ளவர் கேட்கலாம். கனடாவின் வான்கூவரில் டேவிட் கேமரன் என்பவர் 1997-ல் தொடங்கிய ஐ.ஆர்.எல்.பி. இப்படிப்பட்டது. 2002-ல் அமெரிக்காவின் ஜொனாதன் டெய்லர் எக்கோலிங்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். முகவரிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. இன்டர்நெட்டில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க எண் வேண்டும். அந்த எண் நிலையானதா, மாறுவதா என்பதுதான் வாத்தியாரின் கேள்வி.

ஹாம்களுக்கு எண்ணுக்கு முன்பே ஒரு முகவரி இருந்தது. அதுதான் அழைப்புக்குறி. இந்தியாவில் முதல் ஹாம் என்று சொல்லப்படுகிற அமரேந்திர சந்திர குப்து 1921-ல் வைத்திருந்த குறி 2ஜே.கே. அடுத்து வந்த முகுல் போஸின் குறி 2எச்.கியூ. நம் சென்னையிலும் சும்மா இருக்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. 1927-ல் பணமில்லாமல் கிளப் நின்றுபோனது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வருவதற்கு 8 வருஷம் முன்பு.

இன்று இந்திய ஹாமின் குறி வி.யூ. என்று தொடங்கும். ஆள் வீடு மாறலாம், ரேடியோ மாற்றலாம். குறி மாறாது. உலகத்தில் இன்னொருவருக்கு அதே குறி கிடையாது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு தனிப்பட்ட ஆச்சரியம் காத்திருந்தது. எத்தனை தேசங்களோடு பேசினோம் என்று எண்ணிப் பார்ப்பது ஹாம்களின் வழக்கம். அதற்கு அமெரிக்காவின் ஏ.ஆர்.ஆர்.எல். சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே 'பிரெஞ்சு இந்தியா' இன்னும் இருக்கிறது. குறி எஃப்.என்.8. 1954 அக்டோபர் 31 வரை பேசியது மட்டும்தான் கணக்கில் சேரும் என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்த நாள். எனக்கு அப்போது 3 வயது. நான் பிறந்த ஊருக்கு வானத்தில் தனி முகவரி இருந்ததும், ஒரே ராத்திரியில் அது பட்டியலிலிருந்து போனதும் 70 வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. நிரந்தரம் என்று எழுதினாலும், பதிவேடு வைத்திருக்கிற சர்க்கார் இருக்கிறவரைதான் அது நிரந்தரம்.

சரி, எண்ணுக்கு வருவோம்.

1981-ல், இன்டர்நெட் இன்னும் பொதுமக்களிடம் வராத காலத்தில், ஹாங்க் மக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாம், ரேடியோவில் கம்ப்யூட்டர்களைப் பேசவைத்துப் பார்க்க எண்கள் வேண்டும் என்று கேட்டார். 44 என்று தொடங்கும் எண்கள் அத்தனையையும் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்துச் சொச்சம். அன்றைக்கு உலகத்துக்கே உள்ள எண்கள் சுமார் 429 கோடி. அதில் 256-ல் ஒரு பங்கு, பைசா வாங்காமல் ஹாம்களுக்கு. தீபத்துக்கு எண்ணெய் ஊற்ற ராஜா எழுதிவைத்த இனாம் நிலம் மாதிரி. இனாம் கணக்கு பார்த்துப் பழகிய எனக்கு, நிலத்துக்கு விலையே இல்லாத காலத்தில்தான் இப்படித் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று தெரியும்.

கொடுத்ததில் பெரும்பகுதி தரிசாகவே கிடந்தது. வெளியில் இன்டர்நெட் வளர்ந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆளுக்கொரு எண் நிரந்தரமாகக் கொடுத்தால் கட்டாது என்று, உள்ளே வரும்போது ஒரு எண் கொடுப்பது, போனால் வாங்கிக்கொள்வது என்ற முறை பரவியது. தானாக எண் வழங்கும் டி.எச்.சி.பி. என்ற விதிமுறை 1993-ல் வந்தது. தீபத்துக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜில் ரூம் கொடுப்பது போலத்தான். போன வருஷம் 12-ஆம் நம்பர் ரூம், இந்த வருஷம் 31. இதுதான் டைனமிக். ரூமை வருஷம் முழுக்க உங்கள் பேரிலேயே வைத்திருக்கத் தனி வாடகை கட்டினால் ஸ்டாட்டிக்.

ரூம் மாறுவதால் என்ன கெட்டுப்போகிறது? வரவேற்பில் ரிஜிஸ்டர் இருந்தால் ஒன்றும் கெடாது. எக்கோலிங்க் செய்வது இதைத்தான். ஒவ்வொரு நிலையமும் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, 'இப்போது இந்த எண்ணில் இருக்கிறேன்' என்று சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஒரு பொதுப் பதிவேட்டில் பதிகிறது. தேடுகிறவர் எண்ணைத் தேடுவதில்லை, குறியைத் தேடுகிறார். எண் மாறினால் அடுத்த பதிவில் சரியாகிவிடும். அதனால் ரிப்பீட்டருக்கு டைனமிக்கே போதும் என்று என் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

வாத்தியார் படித்துப் பார்த்துத் தலையாட்டவில்லை. "அப்படின்னா அந்த டிசம்பர்ல ஏன் ஊமையாச்சு?" என்றார்.

எந்த டிசம்பர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் அது இங்கே கொட்டியது. டிசம்பர் 1 மாலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேரைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்தது. ரிப்பீட்டர் ஊருக்குள் வேலை செய்தது. ஆனால் வெளியூரிலிருந்து இணைப்பு வழியாகக் கூப்பிட்டவர்களுக்குப் பதிலே இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு ஹாம், இங்கே தனியாக இருக்கும் தன் தாயாரைப் பற்றி விசாரிக்க இரண்டு நாள் முயன்று ஓய்ந்துபோனார். அந்த அம்மா சௌக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் மகன் தவித்த தவிப்புக்கு யார் பதில் சொல்வது?

பதிவேடு ஒழுங்காக இருந்தும் ஏன் இப்படி ஆனது? இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது மாதம் போனது. விடையும் சரித்திரத்தில்தான் இருந்தது.

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய வகை எண்கள் தீர்ந்துபோயின. கடைசி ஐந்து தொகுப்புகளை வட்டாரத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் பல வீடுகளைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு பெருகியது. 2012-ல் இதற்கென்றே தனி எண்தொகுதியும் ஒதுக்கினார்கள். இது லாட்ஜ் ரூம் அல்ல, சத்திரத்துப் பொதுக்கூடம். நூறு பேர் படுத்திருப்பார்கள், கதவிலக்கம் ஒன்றுதான். நீங்கள் வெளியே போய் ஒருவரிடம் பேசினால் வாட்ச்மேன் ஞாபகம் வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உங்களிடம் சேர்ப்பார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து பேர் சொல்லிக் கேட்டால், "இங்க நூறு பேர் இருக்காங்க, யாருன்னு தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் ரிப்பீட்டருக்கு நடந்தது இதுதான். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கரண்ட் போய்த் திரும்பி ரௌட்டர் உயிர் பெற்றபோது, தனி எண்ணிலிருந்து பொதுக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இங்கிருந்து கூப்பிட்டிருந்தால் போயிருக்கும். வெளியிலிருந்து வந்த குரல்தான் வாசலோடு திரும்பியது. பதிவேட்டில் பேர் இருந்தது, கதவிலக்கமும் சரி. ஆனாலும் ஆளைப் பார்க்க முடியவில்லை.

ஆக, நிலையானதா மாறுவதா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததே தவறு. தனி எண்ணா, கூட்டு எண்ணா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். தனி எண்ணாக இருந்தால் தினம் மாறினாலும் பதிவேடு பார்த்துக்கொள்ளும். கூட்டு எண்ணாக இருந்தால் வெளியாள் உள்ளே வர முடியாது. ஸ்டாட்டிக் வாங்கினால் பிரச்சினை தீரும்தான். அது நிலையாக இருப்பதால் தீர்வதில்லை, தனியாக இருப்பதால் தீர்கிறது. நிலையான எண் கட்டாயம் வேண்டியது பதிவேட்டையே வைத்திருக்கிற சர்வருக்கு. எல்லோரும் தேடிப் போகிற இடம் அது. தாலுகா ஆபீஸ் தினம் இடம் மாறினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

அந்த இனாம் நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தரிசாகக் கிடந்த எண்களுக்கு 2011-க்குப் பிறகு சந்தை விலை வந்துவிட்டது. 2019-ல் அவற்றை நிர்வகிக்கும் ஏ.ஆர்.டி.சி. அமைப்பு, நாலில் ஒரு பங்கை, அதாவது சுமார் 42 லட்சம் எண்களை, அமேசானுக்கு விற்றது. கிடைத்தது 10 கோடி டாலருக்கு மேல். எங்களைக் கேட்காமல் எப்படி விற்கலாம் என்று ஹாம்கள் பலர் கொதித்தார்கள். அந்தப் பணத்திலிருந்து கல்வி உதவித்தொகையும் ஆராய்ச்சி மானியமும் கொடுக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். மிச்சம் முக்கால் பங்கு இன்னும் ஹாம்களுக்குத்தான். உரிமம் உள்ள எந்த ஊர் ஹாமும் விண்ணப்பித்து இலவசமாக எண் பெறலாம். ஆனால் பட்டா கிடைத்தால் போதுமா, நிலத்துக்குப் பாதை வேண்டுமே? அந்த எண்ணை நம் வீட்டு இணைப்புவரை கொண்டுவரத் தனியாக வழி அமைக்க வேண்டும். எங்கள் வாத்தியார்களுக்கு அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

எனக்கு வழி காட்டியது பழைய பிரெஞ்சு வார்த்தை ஒன்று: 'போஸ்த் ரெஸ்தாந்த்'. நிலையான முகவரி இல்லாத பிரயாணிக்கு வரும் கடிதத்தைத் தபாலாபீசிலேயே வைத்திருந்து, அவன் வந்து கேட்கும்போது கொடுப்பது. ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் பாஸ்போர்ட்டை நீட்டிக் கடிதம் வாங்கிப்போனதை இந்த ஊர்த் தபாலாபீசில் நானே பார்த்திருக்கிறேன். எக்கோலிங்க்கிலும் இப்படி ஒன்று உண்டு. பிராக்ஸி என்கிறார்கள். தனி எண் உள்ள ஓர் இடத்தில் சிறு மென்பொருளை ஓடவிட்டால், கூட்டு எண்ணில் இருக்கும் ரிப்பீட்டர் தானே அங்கே போய்க் காத்திருக்கும். வருகிறவர்கள் அங்கே வந்து பேசலாம்.

என் தம்பி பிரான்சில் குடியேறி 40 வருஷம் ஆகிறது. அங்கே சில நிறுவனங்கள் கூடுதல் காசு வாங்காமலே வீட்டுக்கு நிலையான எண் தருகின்றன. அவன் வீட்டிலும் அப்படித்தான். கேட்டதும், "அதுக்கென்ன அண்ணா, ஒரு மூலைல கிடந்துட்டுப் போகட்டும்" என்றான். இப்போது எங்கள் ரிப்பீட்டருக்கு வரும் குரல்கள் பிரான்சுக்குப் போய்த் திரும்பி வருகின்றன. பேசுகிறவர்களுக்குத் தாமதமே தெரிவதில்லை. வாத்தியார் முதல்நாள் பேசிவிட்டு, "முசே, உங்க ஊர் வழியாத்தான் இனிமே எல்லாம்" என்று சிரித்தார்.

மாசாமாசம் கட்ட இருந்த காசு மிச்சமானது. அதை என்ன செய்வது என்பதற்கும் குறிப்பில் ஒரு பத்தி எழுதினேன். அதற்கு நான் காட்டிய முன்னுதாரணம் அந்தமான்.

2004 டிசம்பர் தொடக்கத்தில், ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் தலைமையில் ஒரு குழு, பல வருஷங்களுக்குப் பிறகு அனுமதி பெற்று, போர்ட் பிளேயரிலிருந்து பேசிக்கொண்டிருந்தது. உலக ஹாம்கள் அந்தமானைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தொலைபேசி போனது. பொழுதுபோக்காகப் போன குழு அன்றிலிருந்து சேதி சொல்லும் குழுவானது. காணாமல் போனவர்களைப் பற்றி மெயின்லாண்டில் தவித்தவர்களுக்குத் தகவல் அந்த ரேடியோ வழியாக வந்தது. அதற்கு சர்வரும் வேண்டியிருக்கவில்லை, எண்ணும் வேண்டியிருக்கவில்லை. ஓர் ஏரியல், கொஞ்சம் மின்சாரம், ஓர் அழைப்புக்குறி, அவ்வளவுதான்.

பெரிய இடர் வரும்போது இன்டர்நெட்டும் சேர்ந்தே போகலாம். அப்போது பிரான்சில் உள்ள தம்பி வீட்டு மூலை உதவாது. ரிப்பீட்டர் தன் காலில் நின்று ஊருக்குள்ளாவது பேசவைக்க வேண்டும். ஆகவே மிச்சமான பணத்தில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பாட்டரி ஒன்று வாங்கலாம் என்று பரிந்துரைத்தேன். அளவாகப் பேசினால் கரண்ட் இல்லாமல் ஒன்றரை நாள் தாங்கும் என்று வாத்தியார் கணக்குப் போட்டார். வாங்கி வைத்தாயிற்று. கூடவே ஒரு வழக்கமும் ஏற்படுத்தியிருக்கிறோம். கரண்ட் போய் வந்தால், சென்னை ஹாம் ஒருவர் வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துச் சொல்வார். தாயாருக்காகத் தவித்த அதே மனிதர்தான். அவரே கேட்டு ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

குறிப்பின் கடைசிப் பக்கத்தில், ஆபீஸ் வழக்கப்படி, 'கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குள்தான் கோப்பு முடியவில்லை. எஃப்.என்.8 விடமாட்டேன் என்கிறது. புதுச்சேரியிலோ காரைக்காலிலோ 1954-க்கு முன் மாடியில் ஏரியல் கட்டி வெளிதேசத்தோடு பேசிய யாரையாவது பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் குறி போட்ட பழைய அட்டை ஏதாவது பரணில் கிடக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். தேரடி வீதிப் பக்கம் வந்தால் நேரிலும் வரலாம். தற்போதைய முகவரி அதுதான்.